மீன்களுக்குச் சோடா

வாயு நிரப்பும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டியைப் பார்த்தார். அதன் கால் வைக்கும் பலகையில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நான் இடுக்கிக்கொண்டு வந்திருந்த சிலிண்டரைப் பார்த்தார்.

“எங்கம்மா சோடா கடை வச்சிருக்கீங்க?” என்றார்.

“கடை இல்லைங்க. மீன் தொட்டிக்கு.”

“மீனுக்கா?”

“மீனுக்கு இல்லைங்க. தொட்டிக்குள்ள செடி இருக்குது. அதுக்கு.”

“தண்ணிக்குள்ள இருக்கற செடிக்கு சோடா” என்று அவர் ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். சாமியார்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் தெருவோரம் தலைகீழாக நிற்பவர்களையும் பார்த்துப் பழகிய திருவண்ணாமலைக் கண்கள் அவை. அந்தக் கண்களே அன்று என் மேல் சற்று நேரம் நின்றன.

நான் படித்தது வேதியியல். பார்ப்பது கோப்பு. கல்லூரியில் கடைசியாக ஒரு சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவள், அதன்பிறகு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, மேலே போகிற கோப்பை மேலேயும் கீழே வருகிற கோப்பைக் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என் படிப்புக்கு இருந்த ஒரே மரியாதை, கேசரியில் எவ்வளவு சோடா உப்பு போடலாம் என்று யாராவது கேட்பதுதான். கேசரிக்கு சோடா உப்பே போடக்கூடாது என்பேன். அதோடு என் வேதியியல் முடிந்துவிடும்.

இதனால்தான் செடித்தொட்டி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதைப் போனில் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்தது. பொம்மைக் கோட்டையும் பிளாஸ்டிக் பாசியும் போட்ட தொட்டி இல்லை. உள்ளே மண் போட்டு, நிஜமான செடி நட்டு, அது காடு போல வளர்ந்து, நடுவே குட்டி மீன்கள் ஓடும் தொட்டி. அந்தச் செடிகளுக்குக் கரியமில வாயு வேண்டும். தண்ணீரில் அது போதுமான அளவு இருக்காது. ஆகவே சிலிண்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குமிழி குமிழியாக உள்ளே விட வேண்டும். கம்மியாக விட்டால் செடி வாடி, பாசி பிடிக்கும். ஜாஸ்தியாக விட்டால் மீன் மூச்சு முட்டிச் சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அகலத்துக்குத்தான் இடம். அந்த நூலில் நடப்பதற்குத்தான் நான் மூன்று வருடம் வேதியியல் படித்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அளவு பார்க்க, தொட்டியின் உள்பக்கம் ஒட்டிவைக்கும் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் மருந்து நீர். தண்ணீரில் வாயு கம்மி என்றால் அது நீலமாக இருக்கும், சரியாக இருந்தால் பச்சை, ஜாஸ்தியானால் மஞ்சள். நிறம் மாற இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதாவது அது இப்போது சொல்வது சற்று முன் நடந்த கதையை. இதையெல்லாம் என் வீட்டுக்காரருக்கு விளக்கினேன்.

“சிக்னல் மாதிரி” என்றார்.

“ஆமா.”

“பச்சைன்னா போலாம், மஞ்சள்னா பாத்துப் போவணும். நீலம் வந்தா இன்னா பண்றது?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்” என்றேன். அன்றிலிருந்து அந்தக் குமிழுக்கு எங்கள் வீட்டில் சிக்னல் என்றே பெயராகிவிட்டது.

தொட்டியை ஹாலின் வடகிழக்கு மூலையில், ஃபேனுக்கு நேர் கீழே வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நான் சொல்லி, நான் தீர்மானித்து வைத்த ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் யாரோ வாங்கி, யாரோ வைத்தது. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக அதன் முன்னால் போய் நிற்பேன். ஒரு செடியின் இலை நுனியில் முத்து முத்தாகப் பிராணவாயு கோத்திருப்பதைப் பார்த்தால் அன்றைக்கு வாங்கிய திட்டெல்லாம் எங்கோ போய்விடும்.

பிரச்சினை என்னவென்றால், அந்த மூலையின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். செங்கம் பக்கத்தில் நிலம் நீர் என்று இருப்பவர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வர எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், கார்த்திகை தீபம் என்றால் கொடியேறும் அன்றே பையோடு வந்து பத்து நாளும் தங்குவார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் மலையைச் சுற்றாமல் இருக்க மாட்டார். சுற்றிவிட்டு வந்து தரையில் பாயில் படுத்தால், மறுநாள் எழுப்ப ஆள் வேண்டும். அதனால் அவருக்கு ஒரு கட்டில் வேண்டும். அந்தக் கட்டில் போட எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடம்தான் தோதானது என்பது அவர் முடிவு.

“காத்து வர்ற மூலை. சாமி மூலை. அங்க போயி குட்டையக் கட்டி வச்சிருக்கா பாரு” என்று சென்ற தீபத்துக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமுவார். அதற்கு மேல் எதுவும் வராது.

அண்ணியிடம் ஒரு வலுவான ஆயுதம் இருந்தது. தொட்டி வைத்த புதிதில் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு என் கைக்குப் பழகாமல் வாயு கூடிப்போய் மூன்று மீன்கள் செத்திருந்தன. அதில் ஒன்று வெள்ளிக்கிழமை காலை, அண்ணி குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்ற நேரம் பார்த்து அவர் கண் எதிரே மிதந்தது. அவர் அதை மறக்கவே இல்லை.

“வீட்டுல உசுரு போவக் கூடாதும்மா. இந்தத் தீபம் முடியறதுக்குள்ள இன்னொரு மீனு செத்துதுன்னா தொட்டி வெளிய போவணும். கட்டிலு உள்ள வரணும். இன்னா சொல்ற?”

எனக்கு வந்த கோபத்தில், “சரி அண்ணி. ஒண்ணு செத்தாலும் நானே தூக்கி வெளிய வைக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தொட்டியில் பதினெட்டு நியான் மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டு விரலில் பாதி. பக்கவாட்டில் நீலமும் சிவப்புமாக ஒரு கோடு. பதினெட்டும் ஒன்றின் நகல் போல இன்னொன்று. அந்தப் பதினெட்டு உயிரின் மேல்தான் இனி என் மூலை நின்றது.

மறுநாள் காலையிலேயே கோளாறு ஆரம்பித்தது.

எழுந்து வந்து பார்த்தால் சிக்னல் நீலமாக இருந்தது. முந்தின மாலை நல்ல பச்சை. சிலிண்டரைப் பார்த்தேன். குமிழிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். இல்லை. இது நடக்கவே கூடாத விஷயம். செடிகள் வெளிச்சம் இருக்கும்போதுதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். இரவில் அவையும் நம்மைப் போல மூச்சு விடும், இருக்கிற வாயுவோடு இன்னும் கொஞ்சம் சேரும். அப்படியானால் காலையில் சிக்னல் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எனக்கோ நீலம். வாயு கம்மி.

ஊசி வால்வை ஒரு மயிரிழை திறந்துவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மாலையில் வந்தால் பச்சை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நாள் காலையில் மறுபடி நீலம். இன்னொரு மயிரிழை திறந்தேன். மாலையில் பச்சை, காலையில் நீலம். திருவிழா நடக்க நடக்க இதுவும் கூடவே நடந்தது. மாலைப் பச்சை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் இளம் பச்சையாகிக்கொண்டு வந்தது. மீன்களுக்கும் செவுள் அடிப்பது கொஞ்சம் வேகமானது போல எனக்கே ஒரு சந்தேகம். ஆனால் ராத்திரியில் எங்கேயோ வாயு காணாமல் போகிறது என்றால், அதற்கு ஈடு கட்டித்தானே ஆக வேண்டும்?

“மலையோட சக்தி” என்றார் என் வீட்டுக்காரர், சோபாவில் படுத்தபடி. எங்கள் ஹாலில் மூன்று பேர் உட்காரும் ஒரு சோபா உண்டு. அதில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை, படுத்தே இருப்பார். “தீப நேரத்துல மலை எல்லாத்தையும் இழுத்துக்கும். வாயு இன்னா பெருசு.”

“மலை இழுத்தா உங்க குறட்டையையும் சேத்து இழுத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, சிக்னலையே சந்தேகப்படுவது என்று முடிவு செய்தேன். ஒருவேளை வாயு சரியாகத்தான் இருந்து, அந்தக் குமிழ்தான் பொய் சொல்கிறதோ?

இதைக் கண்டுபிடிக்க வேறொரு வழி இருக்கிறது. கரியமில வாயு கரைந்த தண்ணீருக்கு லேசாகப் புளிப்புத் தன்மை வரும், சோடாவுக்கு இருப்பது போல. அதை அளக்க பேனா போன்ற ஒரு மீட்டர் என்னிடம் உண்டு. தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஒரு முழு நாள் திறந்து வைத்தால், அதில் இருக்கிற வாயுவெல்லாம் தானாக வெளியே போய்விடும். பிறகு அந்த டம்ளரையும் தொட்டியையும் மீட்டரில் அளந்து பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தொட்டியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லிவிடும். சிக்னல் பொய் சொன்னாலும் இந்தக் கணக்கு சொல்லாது.

கேட்க எளிமையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் யார் கையும் படாமல் வைத்துப் பாருங்கள். சமையல் மேடையில் வைத்தால், பாத்திரம் துலக்கும்போது அதுவும் துலங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்தால், என் வீட்டுக்காரர் போகிற போக்கில் எடுத்துக் குடித்துவிடுவார். ஜன்னலில் வைத்தால், அண்ணி வெளியே இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுவார். தண்ணீர் சும்மா நிற்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. யோசித்துப் பார்த்ததில் யாரும் கை வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூஜை அலமாரி. சாமி படங்களுக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், நல்ல எவர்சில்வர் டம்ளரில் தொட்டித் தண்ணீரை வைத்தேன். அள்ளும்போது ஒரு குட்டி இலையும் கூட வந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள், அதாவது தீபத்துக்கு முந்தின மாலை, மீட்டரோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணி கையில் டம்ளரும் ஸ்பூனுமாக ஹாலின் நடுவே நின்றிருந்தார்.

“வந்துட்டியா? கைய நீட்டு. தீர்த்தம்.”

“எந்தத் தீர்த்தம் அண்ணி?”

“சாமி அலமாரில நீதான வச்ச? கோயில்ல இருந்து வந்துதுனு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? நானா பாத்தேன். துளசி கூட போட்டிருக்குது. வாசனைதான் கம்மி.” சொல்லிக்கொண்டே தானே ஒரு ஸ்பூன் வாயில் விட்டுக்கொண்டார், மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார். அடுத்து சோபாவிடம் போனார். “டேய், எழுந்து உக்காந்து வாங்கிக்க.”

நான் தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளியதை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தார். இப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். அக்கா நீட்டும் தீர்த்தத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இந்தப் பிறவியில் அவருக்கு இல்லை. கண்ணை மூடிக் குடித்தார். பக்தியில் மூடினார் என்று அண்ணி நினைத்துக்கொண்டார்.

“இப்ப நீ” என்றார் என்னிடம்.

மீன் கழிவும் செடி உரமும் அதில் எந்த விகிதத்தில் இருக்கும் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு ஸ்பூனை உள்ளே விட்டுவிட்டார். லேசான பாசி வாசனை, அடியில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு. விழுங்கினேன். மிச்சத்தை அவர் வாசல் வரை தெளித்துவிட்டு வந்தார். ஒரு நாள் பொறுத்துச் செய்த சோதனை எங்கள் மூன்று பேர் வயிற்றுக்குள்ளும் வாசல்படியிலும் முடிந்தது.

அன்றிரவு சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, “எனக்கு எதுனா ஆவுமா?” என்று கேட்டார். “நீலமா மாறினா சொல்லுங்க” என்றேன்.

மறுபடி டம்ளர் வைக்க நேரமில்லை. விடிந்தால் தீபம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அன்று கூட்டத்துக்கான பணி உண்டு. பக்தர்களுக்கு வழி சொல்லும் பந்தலில், மதியத்திலிருந்து அடுத்த நாள் காலை வரை, எனக்கும் போட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முன் சிக்னலைப் பார்த்தேன். வழக்கம் போலக் காலை நீலம், அப்போதுதான் பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் இல்லாத இரவில் இன்னும் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று, அன்று ஒரு மயிரிழைக்குப் பதில் இரண்டாகத் திறந்து வைத்துவிட்டுப் போனேன்.

மலை உச்சியில் தீபம் ஏற்றியதைப் பந்தலிலிருந்தே பார்த்துக் கும்பிட்டேன். அக்காவும் தம்பியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிரிவலம் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. அதன்பின் விடியும்வரை “கழிவறை எங்கே”, “பஸ் எங்கே”, “என் வீட்டுக்காரரைக் காணோம்” என்ற மூன்று கேள்விகளுக்கு மாற்றி மாற்றிப் பதில் சொன்னேன்.

காலையில் ஆட்டோ எதுவும் எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்கால் பக்கம் வரவில்லை. நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

கதவு திறந்து கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. ஹால் முழுக்கத் தண்ணீர். சோபாவில் என் வீட்டுக்காரர் கால் இரண்டையும் கைப்பிடிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டியின் முன்னால் அண்ணி நின்றிருந்தார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார், கால் இரண்டும் பூசணி போல வீங்கியிருந்தன. கையில் என் காப்பிச் சொம்பு. தொட்டியிலிருந்து மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, நீளமாக அதே தொட்டியில் ஊற்றினார். மறுபடி மொண்டார். மறுபடி ஊற்றினார். சூடான பாலை ஆற்றுவது போலத் தொட்டியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணி!” என்றேன்.

“கிட்ட வராத, வழுக்கும்” என்றார், நிறுத்தாமல்.

சிக்னலைப் பார்த்தேன். சாமந்திப் பூ மஞ்சள். ஓர் இரவு முழுவதும் வாயு ஏறியிருக்கிறது. இந்த மஞ்சளில் மீன் பிழைக்காது.

“வந்து பாக்கறேன், எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. சூடு தாங்காத கொழந்த மாதிரி. ஒண்ணு மல்லாந்தே பூடுச்சு. உம் புருசன எழுப்பனேன், எழலை.” என் வீட்டுக்காரரைத் தன்னுடைய தம்பி என்று சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் மனம் வரவில்லை போலும். “தண்ணி கொதிச்சிருக்குதுனு ஆத்த ஆரம்பிச்சேன். ஆத்த ஆத்த ஒண்ணொண்ணா கீழ எறங்குது பாரு.”

தண்ணீரில் சூடு எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால் கரைந்த கரியமில வாயு வெளியேறும், நல்ல காற்று உள்ளே கலக்கும். இந்த அவசரத்துக்கு எந்தப் புத்தகமும் இதைத்தான் சொல்லும். நான் அவர் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை ஆற்றினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மீன்களை எண்ணினார். ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு முறை பதினைந்து வந்தது, ஒரு முறை இருபத்தொன்று. கடைசியில் இருவரும் சேர்ந்து எண்ணினோம். பதினெட்டு.

“ஒண்ணும் சாகல” என்றார் அண்ணி. “தொட்டி உனுக்குத்தான்.”

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. “ஏன் அண்ணி? கம்முனு போயி படுத்திருந்தா இன்னேரம் உங்களுக்குக் கட்டில் வந்திருக்கும்.”

“அட போம்மா. கட்டிலு கடையில கெடைக்கும்” என்றவர், உடனே குரலை உயர்த்தினார். “ஆனா ஒண்ணு சொல்றேன். தெனம் நான் படுக்கறதுக்கு முன்னாடி மூடிட்டுத்தான் படுக்கறேன். நான் இல்லாத ஒரு நாளு ஒருத்தரும் மூடல. இன்னா ஆச்சு பாத்தியா?”

“எதை மூடிட்டு?”

“கேஸை! சிலிண்டரு மேல இருக்கற திருகை. வீட்டுல சிலிண்டரத் தொறந்து வச்சுக்கினு யாராவது படுப்பாங்களா? ராத்திரி மூடுவேன், விடியக் காலைல காப்பி போட அடுப்புக்குத் தொறக்கறப்ப இதையும் தொறந்து வுடுவேன். உனுக்குத் தொந்தரவு வேணாம்னு சொல்லல. இன்னிக்கும் வந்ததும் அதை மூடி, ஜன்னலெல்லாம் தொறந்து வுட்டுட்டுத்தான் ஆத்தவே ஆரம்பிச்சேன்.”

மலையும் இழுக்கவில்லை, சிக்னலும் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் மூடியிருந்த வாயு காலையில் கம்மியாகத் தெரிந்திருக்கிறது. நான் எழும்போது குமிழி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் மூட மூட நான் திறந்திருக்கிறேன். அவர் வீட்டில் இல்லாத ஒரே இரவில், நான் திறந்ததெல்லாம் சேர்ந்து மீன்களின் மேல் இறங்கியிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் சோபாவில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, “தீர்த்தமா?” என்று கையை நீட்டினார்.

அண்ணி என்னை முறைத்தார். “எதுக்கு சிரிக்கற? இப்ப சொல்லு. ராத்திரி மூடணுமா, வேணாமா?”

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். இருட்டில் செடிக்கு வாயு தேவையே இல்லை. வசதியுள்ளவர்கள் இதற்கென்று தானாக மூடித் திறக்கும் கருவி வாங்கி மாட்டுகிறார்கள்.

“மூடணும் அண்ணி” என்றேன்.

“அப்பிடிச் சொல்லு” என்று எழப் பார்த்தார், முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன். அந்தக் கால்களோடு அவர் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறார் என்று கேட்டேன். “மணியெல்லாம் யாரு பாத்தா” என்றார்.

அதே வாரத்தில் சோபாவை விற்றேன். என் வீட்டுக்காரர் செருமிப் பார்த்தார். செருமல் முடிவதற்குள் சோபா குட்டி யானை வண்டியில் ஏறிவிட்டது. அந்த இடத்தில் ஒரு தேக்குக் கட்டில் வாங்கிப் போட்டேன், தரையிலிருந்து எழ முடியாதவர்களுக்குத் தோதான உயரத்தில். இப்போது என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார். முதுகுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வந்த அண்ணி கட்டிலைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். சுவர்ப்பக்கம் இருந்த தலையணையைத் தொட்டிப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் விளக்கை அணைக்கப் போனேன்.

“இரு. அன்னிக்கு மல்லாந்துச்சே, அது எது தெரியுமா?”

“எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்குது அண்ணி. எப்படித் தெரியும்?”

“எனுக்குத் தெரியும்.” அண்ணி படுத்தபடியே விரலை நீட்டினார். “அதோ. அந்தச் செடி பின்னாடி போவுது பாரு, அது. எப்பிடி ஓடுது பாரு கழுத.”

பார்த்தேன். செடிக்குப் பின்னால் போன மீன் போய்விட்டது. அவர் விரல், முன்பக்கம் வந்த வேறொன்றைப் பிடித்துக்கொண்டு அதோடு போய்க்கொண்டிருந்தது.

“ஆமா அண்ணி, அதுதான்” என்றேன்.